நீக்கப்பட்ட பதினான்காவது கேள்வி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே உன் அத்தானும் மகளும் நானும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயைக் குடித்தே வயிற்றை ஏமாற்றுகிறாயா?

உங்கள் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. தையலை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தேன். போன் எத்தனை, வண்டி எத்தனை என்றெல்லாம் கேட்கிறீர்கள். போன தடவை பதினான்காவதாக, 'பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை' என்று இருந்ததே, அது எங்கே? அன்று எங்கள் தெருவைக் கணக்கெடுத்தவனே நீதான். பிறந்தது இரண்டு, இருப்பது ஒன்று என்று எழுதிவிட்டு, பேனாவை மூடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாய். எந்தப் புண்ணியவான் அதை எடுத்தான்?

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதீர்கள். படிவம் நீண்டுவிட்டது என்று எல்லா இலாகாவிலும் புகார். பிறப்பும் இறப்பும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலேயே இருக்கிறது என்று படிவம் தயாரிக்கும் குழு அதை நீக்கியது. உங்களிடம் மறைக்கக் கூடாது. குழுவில் நானும் இருந்தேன், சரி என்றுதான் சொன்னேன்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

ஆஸ்பத்திரிப் பதிவேடாம்! பாலம் முழுகிக் கிடந்த அன்றைக்கு வீட்டிலேயே பிறந்து, ஆறு மணி நேரம் இருந்துவிட்டுப் போனவனை எந்த ஆஸ்பத்திரி பதிந்தது? துணியில் சுற்றித் தூக்கிப் போனவன் நீ. உனக்கே தெரியாதா? அவன் இருந்தான் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது. வேறு யாராவது செய்திருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். நீ செய்ததால்தான் வயிறு எரிகிறது.

படிவத்தில் மூன்று பேரை எழுதி, ஓரத்தில் 'இன்னொரு மகன் பிறந்தான், ஆறு மணி நேரம் இருந்தான்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

ஓரத்தில் எழுதிய படிவத்தை மெஷின் தள்ளிவிடும். தள்ளியதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். உங்களுடையதும் வந்துவிட்டது. அந்த வரிமேல் வெள்ளை மை பூசினால் மெஷின் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஆளில்லாத வீடு என்று பதிவாகும். உங்களைக் கேட்காமல் செய்யக் கை வரவில்லை. பூசட்டுமா?

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

பூசாதே. அவனை வெளியே நிறுத்திவிட்டு நாங்கள் மூன்று பேர் உன் கணக்கில் ஏறி என்ன ஆகப்போகிறது? ஆளில்லாத வீடு என்றே போட்டுக்கொள்.

மகளுக்குப் பரீட்சை முடிந்தது. "லீவுக்கு மாமா வீட்டுக்குப் போலாமாம்மா?" என்று கேட்டாள். ஆளில்லாத வீட்டிலிருந்து யார் போவது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளை பெற்றவள்