இரண்டாம் சரணத்தில் விடுபட்ட பெயர்

வாயெதுபார்,
மார்ச் 4

அன்புள்ள யமிலே,

நீ நலமா? நான் நலமில்லை, பொய் எழுத வரவில்லை. நீ அனுப்பிய பாட்டைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் இரண்டு நாள் பாடியதை ஒரே மூச்சில் பாடியது போல ஒட்டியிருக்கிறாய். ஆனால் இரண்டாம் சரணம் முடிந்து அக்கார்டியன் எழும் இடத்தில் நான் கூவியது எங்கே? "என் யமிலேக்கு! வீட்டுக்கு வந்துடு தாயி!" என்று கூவினேனே! இங்கே பாட்டுக்கு நடுவே தன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பாடகன் உண்டா? மேயர், பல் டாக்டர், கோழிப்பண்ணைக்காரன் எல்லாரும் என் பாட்டில் இருக்கிறார்கள். கட்டிய மனைவி மட்டும் இல்லை. அடுத்த வாரம் வானொலிக்குக் கொடுக்க வேண்டும். உடனே எழுது.

உன் ரொகெலியோ

பாரன்கியா,
மார்ச் 6

அன்புள்ள ரொகெலியோ,

கோபிக்காதே. முதல் நாள் பதிவின் கடைசியை மெல்ல இறக்கி, மறுநாள் பதிவின் தொடக்கத்தை மெல்ல ஏற்றி, நடுவில் இரண்டையும் கொஞ்சம் சேர்ந்து ஒலிக்கவிட்டால்தான் ஒட்டுத் தெரியாது. உன் கூவல் சரியாக அந்த இடத்தில் விழுந்தது. இரண்டு நாளும் கூவித் தொலைத்திருக்கிறாய். இரண்டு ஆண்கள் என்னைக் கூப்பிடுவது போல இருந்தது; ஒருத்தனையே சமாளிக்க முடியவில்லை! அதனால் அக்கார்டியனை நீட்டி மூடிவிட்டேன். பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடு.

யமிலே

வாயெதுபார்,
மார்ச் 7

யமிலே,

யாருக்குக் காது குத்துகிறாய்? இத்தனை வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஒட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தால் தீர்ந்தது. வேண்டுமென்றேதான் வெட்டியிருக்கிறாய். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் உட்கார முடியாமல் தெருத்தெருவாக நடக்கிறேன். பெயரைப் போட்டு அனுப்பு. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து நிற்பேன்.

ரொகெலியோ

பாரன்கியா,
மார்ச் 8

அன்புள்ள ரொகெலியோ,

ஆமாம், வேண்டுமென்றேதான். உன் கூவல் வானொலியில் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? பஸ் டிரைவரிலிருந்து மீன்காரி வரைக்கும், "என்னக்கா, மனுஷன் ஊரறிய இப்படி உருகுறாரு, அவருகிட்டயே திரும்பிப் போயிடுங்களேன்" என்பார்கள். என் அப்பா சாகக் கிடந்தபோது போன் மேல் போன் போட்டேன். நீ கோழிப்பண்ணைக்காரன் வீட்டு விருந்தில் பாடிக்கொண்டிருந்தாய். அடக்கம் முடிந்த மறுநாள் வந்து, "பாதியில எப்படிடி எழுந்து வர்றது?" என்றாய். அதற்கு ஒரு மன்னிப்பு இன்றுவரை கேட்கவில்லை. ஊருக்கே கேட்கும்படி கூவ மட்டும் தெரிகிறது.

வராதே. வந்தால் கதவைத் திறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உன்மேல் வெறுப்பு வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஹெட்போனைப் போட்டால், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீ இழுக்கும் மூச்சுகூடக் காதுக்குள் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே உன்னை விட்டு விலக என்னால் ஆகாது.

பாட்டு நன்றாக வந்திருக்கிறது, இப்படியே கொடு. அடுத்த பாட்டை வேறு யாரிடமாவது, அங்கே ஸ்டுடியோவில் இருக்கும் எஃப்ராயினிடம் ஒட்டக் கொடு.

யமிலே