கரடி மிட்டாயும் அம்மாவின் தைராய்டும்

முடிச்சூர்,
ஜூன் மாதம்

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு, ஆண்டவர் தயவால் அம்மாவும் நானும் இங்கே சுகம், ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்று இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய், அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு ஜெயவேலு அண்ணன் மூன்றாவது மாடி கட்டுகிறார், 2015 வெள்ளத்திலிருந்து மனிதர் மேலே போய்க்கொண்டே இருக்கிறார். மற்றபடி தெருவில் விசேஷமில்லை.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது முடி வளர என்று கரடிக்குட்டி வடிவத்தில் விட்டமின் மிட்டாய் நாலைந்து புட்டி கொடுத்துவிட்டுப் போனாயே, அம்மா அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இரண்டு தின்றுவந்தாள். ஜனவரிக் கடைசியில் வழக்கமான தைராய்டு பரிசோதனை. வருஷக்கணக்காக ஒழுங்காக இருந்தது திடீரென்று அளவுக்கு மேல் போயிருந்தது. டாக்டர் தீபா, வேறு மாத்திரை, பவுடர், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இன்னாத்துக்கு டாக்டரம்மா, ஒண்ணும் கிடையாது என்றாள் அம்மா. தைராய்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அதன்பின் உன் அம்மா ஓய்ந்துபோனாள், கால் வீங்கியது, முடி இன்னும் கொட்டியது. ஞாயிறு பிரசங்கத்தில் தூங்கினாள், ஆனால் அந்த பெஞ்சில் பலரும் தூங்கியதால் அதை நோயென்று யாருக்கும் தோன்றவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய வாரப் பரிசோதனையில் தைராய்டு மிகக் குறைவு என்று வந்தது, பழைய அளவு மாத்திரையே திரும்பியது. மே மாதம் பார்த்தால் மறுபடி அளவுக்கு மேல். மாத்திரையைத் திரும்பக் குறைக்கணும், பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனும் பார்த்துடலாம் அங்கிள் என்றார் டாக்டர். அம்மா திரும்பவும் அந்த நிலைக்குப் போவாளே என்று டாக்டரிடம் சொன்னேன்.

அப்போது டாக்டர் மூன்று ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்து, நடுவில் உள்ளது மட்டும் ஏன் வேறு மாதிரி, அந்தச் சமயத்தில் எதையாவது நிறுத்தினீர்களா ஆன்ட்டி என்று கேட்டார். அது ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாளாச்சே டாக்டரம்மா, நான் இனிப்பு தொட மாட்டேன் என்றாள். என்ன இனிப்பு என்றார். என் பொண்ணு குடுத்த கரடி முட்டாய்தான், லெந்துக்கு முன்னாடி தினம் ரெண்டு, ஈஸ்டருக்கப்புறம் முடி ரொம்ப கொட்டுதேன்னு நாலு என்றாள். நான் ஆட்டோ பிடித்துப் போய் புட்டியை எடுத்துவந்தேன். பொடி எழுத்தைப் படித்துவிட்டு டாக்டர் சொன்னார், இதில் பயோட்டின் நிறைய இருக்கிறதாம், அது தைராய்டை ஒன்றும் செய்யாது, இல்லாத தைராய்டை அதிகமாகக் காட்டிப் பரிசோதனையைத்தான் ஏமாற்றிவிடும். நான் கேட்டப்பவே ஏன் ஆன்ட்டி சொல்லலை என்றார். நீங்க மாத்திரையத்தான கேட்டீங்க என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. கடவுளிடமே இனிப்பு என்று சொல்லித் துறந்த பொருளை டாக்டரிடம் மருந்து என்று எப்படிச் சொல்வாள்? ஒரு வாரம் கரடியை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தோம், எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரை குறையவில்லை, ஸ்கேனும் வேண்டாம் என்றாகிவிட்டது. முடி இத்தனை கொட்டியதும் மாத்திரையைக் குறைத்ததால்தானாம், மெதுவாக நின்றுவிடுமாம்.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை, அம்மாவின் முடியைப் பற்றி அங்கே இருந்துகொண்டு கவலைப்பட்டது நீ ஒருத்திதான், நான் பக்கத்திலேயே இருந்தும் கவனிக்கவில்லை. ஆனால் நீயும் அதே கரடியைத்தான் தின்பதாகச் சொன்னாய். அம்மா வழியில் உனக்கும் தைராய்டு வரலாம். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது வாய்க்குள் போகிறதெல்லாம் சொல்லிவிடு. உடம்பில் குறை இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த விட்டமினையும் வாங்காதே, பழத்தின் படம் போட்டிருந்தாலும் அது மருந்துப் புட்டிதான். அம்மா இப்போது திருந்திவிட்டாள். போன வாரம் டாக்டர் கேட்டதற்கு முறுக்கு, இஞ்சி டீ எல்லாம் சொல்லி, சர்ச்சில் திருவிருந்தின்போது குடிக்கும் ஒரு வாய் திராட்சை ரசத்தையும் விடவில்லை. டாக்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

கர்த்தர் உங்கள் இருவரையும் கண்ணின் மணிபோலக் காப்பாராக. ரத்தப் பரிசோதனையை மறக்காதே. கடைசிப் புட்டியில் பாதி மிச்சமிருக்கிறது, வீணாகிறதே என்று அம்மா தின்றுவிடுவாளோ என்று பயந்தேன். அவளே அதன்மேல் மருந்து என்று எழுதி ஒட்டி, மாத்திரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நேற்று ஒன்று வேண்டுமா என்று சும்மா கேட்டுப்பார்த்தேன். ச்சீ, கசக்கும் என்றாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ஜெஃப்ரி