அடையாளம் ஒன்றுமில்லை

1935 தை 6, ஞாயிறு

மூன்று இராசாக்கள் திருநாள். கற்பிட்டியிலிருந்து சுவாமியார் இந்தத் தீவுக்கு வரவில்லை, அங்கும் காய்ச்சலாம். நானே மணியடித்து நானே செபமாலை சொல்லிக்கொடுத்தேன். முடிந்ததும் பக்கத்து வீட்டு மாக்கிறட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "உபதேசியாரே, பெத்த பிள்ளையைப் புதைச்ச அடுத்த நாளே கோயில் மணி அடிச்ச மனுசன் நீங்க. உங்கட விசுவாசத்தில கடுகளவு எங்களுக்கு இருந்தாப் போதும்."

எங்கள் ஒரே மகள் பவுலினா காய்ச்சலில் போய் இன்றைக்கு இருபத்தொன்பது நாள். அன்றிலிருந்து என் வாய் மட்டும் செபிக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. மார்த்தாவிடம்கூடச் சொல்லவில்லை. பெண்சாதியிடம் சொல்ல முடியாததை இந்தக் கொப்பியில் எழுதுகிறேன்.

தை 9

காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து முடிந்துவிட்டது.

தை 14

வலைக்காரன் அருளப்புவும் காய்ச்சலில் படுத்துவிட்டான். இரண்டு வருடத்துக்கு முன், பெரிய வெள்ளிக்கிழமை வலை வீசினான் என்று சுவாமியாரிடம் போய்ச் சொன்னவன் நான்தான். முள்முடி வைத்துக் கோயில் வாசலில் முழங்காலில் நிற்கச் சொன்னார் சுவாமியார். "வீட்டில பசி, மீன் பிடிச்சேன். அதுக்கு முள்முடியா?" என்று போனவன் பிறகு கோயில் படி மிதிக்கவேயில்லை.

அப்போது அவன்மேல் எரிச்சல். இப்போது பொறாமை. வர மனமில்லாதவன் வராமல் இருக்கிறான். எனக்கு அந்தத் துணிவு எங்கே?

தை 17

மத்தியானம் அருளப்பு செத்துப்போனான்.

சுவாமியார் இல்லாத தீவில், சாகிறவன் தன் பாவங்களுக்காக மனஸ்தாபப்பட்டானா என்பதற்கு நான்தான் சாட்சி. தலைமாட்டில் கதிரையைப் போட்டு இருந்து, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். "சொல்லு அருளப்பு, சேசுவே என்மேல் இரக்கமாயிரும்." மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் என் கையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படியே போய்விட்டான்.

அவன் பெண்சாதி அனஸ்தாசியாவும் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு மூலையில் கிடந்தாள்.

கற்பிட்டிக்குப் போகிற மஸாஹிரின் தோணியில் சுவாமியாருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினேன். 'மனஸ்தாபத்தின் அடையாளம் ஒன்றுமில்லை.'

தை 18

காலையில் பதில் வந்தது: மனஸ்தாபப்படாதவனுக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை. சேமக்காலை வேலிக்கு வெளியே புதைத்தோம். மணி அடிக்கவில்லை.

மாசி 3

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

அனஸ்தாசியாவுக்கு இப்போது கொஞ்சம் சுகம். மார்த்தா கொடுத்த கஞ்சியை எடுத்துப் போனேன். அருளப்பு கிடந்த அதே பாயில் கிடந்தாள். பருக்கிவிடக் குனிந்தேன். தென்னங்கிடுகுச் சுவரில், பாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தலவிலக் கோயில் திருநாளில் விற்கிற, மாதாவைப் பெற்ற அன்னம்மாளின் சின்னத் தகட்டுச் சுரூபம். வலை நூலால் தைத்து, வலைக்காரன் முடிச்சுப் போட்டிருந்தது.

"இது யார் வச்சது?"

"அவருதான். கோயிலுக்குத்தான் வரமாட்டாரு. இதைத் தொடாம ஒரு நாளும் கடலுக்குப் போனதில்லை. படுத்த நாளிலேருந்து இதைப் பார்த்தபடிதான் கிடந்தாரு. நீங்க பக்கத்திலதானே இருந்தீங்க, காணலையா?"

கதிரையில் இருந்தவனுக்கு அது தெரியாது. பாயில் கிடக்கிறவனுக்குத்தான் தெரியும்.

அட மடையா! என்ன எழுதினாய்! என் சுரூபத்தைத் தள்ளிவிட்டுத் தன் சுரூபத்தைப் பார்க்கத் திரும்பியிருக்கிறான் — நான் அவனை நாய் மாதிரி வெளியே புதைச்சுப்போட்டு வந்திட்டேனே. ஐயோ.

மாசி 11

எல்லாவற்றையும் சுவாமியாருக்கு எழுதியிருந்தேன். பதில்: 'உள்ளத்தை ஆண்டவர் பார்க்கிறார். திருச்சபை வெளி அடையாளத்தைத்தான் பார்க்க முடியும். நீர் கண்டதை எழுதினீர், நான் நம்பினேன். தபசு காலத்தில் வந்து குழியை மந்திரிக்கிறேன்.'

அனஸ்தாசியாவிடம் வாசித்துக் காட்டினேன். "மந்திரிச்ச மண்ணு இப்ப என்னத்துக்கு? உங்களப் போல விசுவாசம் உள்ளவங்களுக்கு வச்சிருக்கச் சொல்லுங்க" என்றாள்.

குத்திக் கதைத்தாளா, மெய்யாகவே சொன்னாளா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்து நான் எதைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்?

மாசி 24, ஞாயிறு

இன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். எனக்கு விசுவாசம் இல்லை, என் சாட்சியை நம்பாதீர்கள் என்று. வாயைத் திறந்தால் 'அருள் நிறைந்த மரியே' என்று வருகிறது. சனம் மறுமொழி சொல்லத் தொடங்கிவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பங்குனி 5

நாலு நாளாக எனக்கும் காய்ச்சல். இன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

நேற்று நான் போய்விடுவேன் என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். மார்த்தா பாடுபட்ட சுரூபத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து, "சொல்லுங்க, சேசுவே என்மேல் இரக்கமாயிரும்னு சொல்லுங்க" என்று அழுதாள். நாக்கு எழும்பவில்லை. அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுண்ணாம்பு பூசிய வெறும் சுவர். அதில் ஒன்றுமில்லை.

முதுகுக்குப் பின்னால் மாக்கிறட் மெல்லச் சொன்னது கேட்டது: "சத்தம் போடாதீங்க. உபதேசியார் மனசுக்குள்ள செபிக்கிறாரு."