பிலோமினாவின் நெஞ்சில் வைத்த போன்

கார்த்திகை 18, செவ்வாய்

இன்றைக்கும் என் மனைவி பிலோமினாவுக்குத் தலை சுற்றியது. மகள் எங்கள் இருவரையும் இங்கே சுவிஸில் லுசேர்ண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இதயத் துடிப்புக்காகப் பிலோமினாவின் நெஞ்சுக்குள் வைத்த பேஸ்மேக்கரைச் சோதித்த டாக்டர், இவ போனை எங்கே வைக்கிறவ என்று மகளிடம் கேட்டார். போனின் காந்தம் கருவியைக் குழப்பும், நெஞ்சுக்குக் கிட்ட வைக்கவே கூடாது என்று முதலே சொல்லியிருந்தவர்.

"மேசையிலதான்," என்றாள் பிலோமினா, என்னைப் பாராமல்.

ஒவ்வொரு இரவும் மன்னாரிலிருந்து அவளுடைய தங்கச்சி போனில் செபமாலை சொல்லுவாள். பிலோமினாவுக்குக் காது மந்தம்; போன் கிட்ட இருந்தால்தான் கேட்கும். அவள் படுத்ததும் போனை நெஞ்சில் வைத்துவிடுவது நான்தான்.

"டாக்டர் வேண்டாமெண்டவரெல்லே?" என்று பிலோமினா ஒருநாள் கேட்டாள்.

"வெள்ளைக்காரருக்கு எல்லாத்துக்கும் பயமப்பா. செபம் என்ன செய்யப்போகுது?" என்று சிரித்தேன்.

இன்றைக்குக் காரணம் பிடிபடாத டாக்டர், திரும்பவும் நெஞ்சைக் கீறிக் கருவியை மாற்ற வேண்டிவரலாம் என்றார். நான் எழும்பிப் பிலோமினாவின் கோட்டை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் பொய் சொன்னனீர்?"

"மகள் உங்களை ஏசுவாளெண்டுதான்."

என்னைக் காப்பாற்ற அவள் கத்திக்குப் படுக்கப்போகிறாள். மகளின் அறையில் இன்னும் வெளிச்சம் தெரிகிறது. எழும்பிப் போய்ச் சொல்லப்போகிறேன். ஏசட்டும்.