அம்மா பெயரில் நான் போட்ட கையெழுத்து

செப். 26, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். போடிமெட்டுப் பக்கம் மலையே காணவில்லை. ரப்பர் வைத்து அழித்த மாதிரி. அம்மா நேற்று விடியலில் ஜீப்பு ஏறினாள். இனி சனிக்கிழமை சாயங்காலம்தான் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து இறங்குவாள். அதுவரை வீட்டில் நான், ஒரு பல்லி.

நாளை சமூக அறிவியல் பரீட்சை. அரசியலமைப்புத் திருத்தங்கள்:

61 – ஓட்டுப் போட 21 வயது வேண்டாம், 18 போதும். எனக்கு 15. அதுவரை இந்த நாட்டில் நான் அரை டிக்கெட்.

86 – ஆறிலிருந்து பதினாலு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. எனக்குப் போன வருஷத்தோடு காலாவதி. ஆனாலும் கணக்கு டெஸ்டு மட்டும் உண்டு.

73 – பஞ்சாயத்து, பெண்களுக்கு இட ஒதுக்கீடு. எங்கள் வீட்டுத் திருத்தம். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் அம்மா நின்றாள், ஜெயித்தாள். நாற்காலி வந்தது. உட்கார வேண்டியவள் மலையில் காய் பறிக்கிறாள்.

இத்தனை திருத்தம் படித்தும் நான் திருந்தவில்லை. பல்லியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

செப். 27, புதன்

பரீட்சை சுமார். 73 வந்தது, ஐந்து மார்க். "சாதாரண மக்கள் கையில் அதிகாரம்" என்று அடிக்கோடு போட்டு முடித்தேன்.

திரும்பி வந்தால் தெருவில் ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தை குடத்தோடு வந்தாள். எங்கள் தலைமையாசிரியை குரலில், "வரிசை கலையாமல் நடக்கவும்" என்றேன். எப்போதும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பாள். இன்று:

"போதும்டி ஒன் கூத்து. நம்ம தெருவுக்கு வந்த குழாய ஒங்காத்தா மேலத்தெருவுக்குத் தூக்கிக் குடுத்துட்டா."

"எங்கம்மாவா? அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க அத்தை."

"அப்ப தீர்மான நோட்டுல அவ கையெழுத்து தானா நடந்து வந்து உக்காந்துச்சாக்கும்?"

தானாக வரவில்லை. நான்தான் போட்டேன்.

எழுதி வைக்கிறேன், வேறு யாரிடம் சொல்ல? பஞ்சாயத்துக் கூட்டம் மாதாமாதம் பகலில். அம்மா மலையில். பஞ்சாயத்து ஆபீஸ் அண்ணன் நோட்டை வீட்டுக்கே கொண்டுவருவார். பெண் மெம்பர்கள் வீட்டில் எல்லாம் இதுதான் வழக்கம். அங்கே புருஷன்மார் போடுவார்கள். எனக்கு அப்பா இல்லை, அதனால் நான். 'ராசாத்தி' என்று எழுத அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் போடுவதைவிட நான் போட்டால்தான் அசல் மாதிரி இருக்கும். அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "படிச்சுப் பாத்துட்டுப் போடு ஆத்தா."

இந்த மாதம் அண்ணன், "வெரசா போடு புள்ள, சோலி கெடக்கு" என்றார். வெரசாகப் போட்டேன், வால் சுழித்து. படிக்கவில்லை. அவர் போனதும் அவர் நடையைப் பல்லிக்கு நடித்துக் காட்டினேன். அந்தச் சனிக்கிழமை அம்மா கேட்டதற்கு, "தெருவிளக்கு பல்பு மாத்துறாங்களாம்" என்று அடித்துவிட்டேன்.

செப். 28, வியாழன்

லீவு. சாரல். யாரும் வரவில்லை. மலையில் அம்மாவுக்கு டவர் கிடைக்காது. மூன்று முறை கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு அக்கா சொன்னாள். இன்று என்னிடம் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

செப். 30, சனி

அம்மா வந்தாள். விரலெல்லாம் ஏலக்காய்க் கறை. சேலை முழங்கால் வரை நனைந்து.

"ஜீப்புல ஒருத்தி பேசல. உக்கார எடமில்லன்னுட்டாளுக. வளைவுக்கு வளைவு கம்பியப் பிடிச்சுத் தொங்கிட்டு வந்தேன். நா என்ன ஆத்தா செஞ்சேன்?"

என்னைத்தான் கேட்டாள். ஊரில் இருபது பேர் குரல் எனக்கு வரும். என் குரல் வரவில்லை.

"தெரியலம்மா."

அக். 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அடிக்கவில்லை. அலசிப் பிழிந்த என் சட்டையை எடுத்து மறுபடி சோப்புப் போட்டாள்.

அதைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு: "நாளைக்குக் கிராமசபை. நாந்தான் போட்டேன்னு சொல்லிட்டு மெம்பரே வேணாம்னு எறங்கிர்றேன். நீ வாயத் தெறந்தா ஒம் படிப்புக்கு வெனை."

அதற்குமேல் என்னோடு பேச்சில்லை.

அக். 2, திங்கள்

சமுதாயக்கூடம். காந்தி படத்துக்கு மாலை. மைக் கொரகொர. அம்மா முதல்முறையாக மெம்பர் நாற்காலியில், நுனியில்.

பேச்சியம்மா அத்தை எழுந்தாள். "எங்க மெம்பரக் கேளுங்க தலைவரே. யாரக் கேட்டு எங்க குழாயக் குடுத்தா?"

அம்மா எழுந்தாள். "தப்பு எம்மேலதான்..."

மைக்கை நான் பிடுங்கினேன். யார் குரலும் இல்லை, என் குரல். கரகரவென்று கேவலமாக இருந்தது.

"கையெழுத்து நான் போட்டது. அம்மா அன்னிக்கு மலையில இருந்தாங்க. படிக்காமப் போட்டேன்."

தலைவர்: "நீ யாரும்மா? ஒனக்கு ஓட்டு இருக்கா?"

"இல்ல. அஞ்சு மாசமா ஒங்க நோட்டுல கையெழுத்து மட்டும் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. மூன்றாம் வார்டு மெம்பர் அக்கா மெதுவாக, "எனக்கும் எங்க வீட்டுக்காரருதான் போடுறாரு" என்றார். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார்.

அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "கூட்டத்த ஞாயித்துக்கெழம வைங்க. நாங்க வாறோம். நோட்டு இனி வீட்டுக்கு வர வேணாம்."

கை தூக்கினார்கள். கூட்டம் ஞாயிறு. குழாய் எங்கள் தெருவுக்கே. புதுத் தீர்மானத்தை அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

அக். 3, செவ்வாய்

விடிகாலை ஐந்து மணி. ஜீப்பு வந்தது.

"மெம்பரே, இங்கிட்டு வாங்க!" பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அம்மா உட்கார்ந்தாள்.

"இவ கையில பேனாவக் குடுத்துறாதீகடி" என்று என்னைக் காட்டினாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கு இடம் இல்லை.

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஜீப்பு நகர்ந்ததும், மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இட்லிக்கு ஊறப் போட்டிருக்கேன். ஆட்டி வச்சுக்கோ."

"சரிம்மா" என்றேன். ஜீப்பு தெருமுனையில் திரும்பிவிட்டது.

உள்ளே வந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன். ஒரு ஆள் அரிசி. பேசாத அம்மா எனக்கென்று அளந்து போட்டது.