கை ஊன்றாமல் எழுந்தாள்

மச்சான்,

நேற்று பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் என் மானம் போனது. இருநூறு மீட்டர் ஓட்டத்தில் நம் பாப்பா கடைசியாக வந்தாள். முதலாவதாக வந்த பிள்ளையின் அப்பனே சும்மா நிற்க, நான் இரண்டு விரலை வாயில் வைத்து, போடிமெட்டு மலை வளைவுகளில் ஜீப் ஓட்டும்போது நீ அடிப்பாயே, அந்த விசிலை அடித்தேன். விசிலோடு என் முன்பல்லும் பறந்தது. கட்டின பல்தான். மைதானமே சிரித்தது.

பாப்பா திரும்பி வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல்லைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். தரையில் கை ஊன்றவில்லை, மச்சான். முழங்காலைக்கூடப் பிடிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், "காலு மதமதன்னு இருக்குப்பா" என்றாள். மறுநாள் படியில் தடுக்கி விழுந்தாள். எட்டாவது வரை படித்த என் மூளைக்கு அது சாந்தன்பாறை மலைக் குளிர் என்று பட்டது. நான் விறகு போடும் ஏலக்காய் ஸ்டோரில், உலர்த்தும் அறைக்கு வெளியே சாக்கு விரித்து உட்காரவைத்தேன். பச்சைக்காயே காய்கிறது, கால் சரியாகாதா?

மூட்டை ஏற்ற வந்த நீ சிரித்தாய்: "ஏன் மாப்ள, பிள்ளையவும் காயப் போட்டுட்டியா?"

அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாய். அவளால் காகிதத்தைப் பிரிக்க முடியவில்லை. உன் சிரிப்பு நின்றது.

"நேத்து காலு, இன்னிக்குக் கையா? இது குளிரில்ல. ஏறு ஜீப்புல."

"ஒன் சோலியப் பாரு மச்சான். சாயங்காலம் சரியாயிரும்."

நீ ஏற்றிய மூட்டைகளை இறக்கிப் போட்டாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். நானும் பின்னாலேயே வந்து ஏறினேன். மலை இறங்கும்போது அவளை வளைவுகளைச் சத்தமாக எண்ணச் சொன்னாய். விளையாட்டு என்று நினைத்தேன். கீழே போகப் போக அவள் குரல் மெலிந்தது. உன் கால் ஆக்சிலேட்டரை அழுத்தியது.

இன்னும் தாமதித்திருந்தால் மூச்சுக்கே ஆபத்து என்றார் தேனி டாக்டர். இரண்டு வாரத்துக்கு முன் வந்த வயிற்றுப்போக்கை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தன் நரம்பையே எதிரி என்று அடிக்கிறதாம். நரம்பைச் சோதித்து, இந்த நோயில் இது எந்த வகை என்றும் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே வந்து உன்னிடம் கேட்டேன்.

"ஜீப்பு வயரு மாதிரி மாப்ள. ஒரு வகையில மேலுறை மட்டும் உரியும். இன்னொண்ணுல உள்ள கம்பியே அடிபடும். கண்ணையும் நடையவும் பிடிக்கிற வகையும் இருக்காம். நம்ம பிள்ளைக்குக் கம்பி."

"வயர மாத்தலாமா?"

"ஒன் மூளையத்தான் மாத்தணும். கம்பி தானா தேறுமாம். நாளாகும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நல்லாயிருமாம்."

நாளானது. ஊசிமருந்து இறங்கி, மூச்சுக்கு வந்த ஆபத்து நீங்கி, கை வந்து, கால் மெல்ல வந்தது. ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார்: "கை ஊன்றாம தரையிலேருந்து எந்திரிக்கிறதுதான் கடைசியா வரும்." அதைப் பார்க்க உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

ஒன்று செய்துவிட்டுப் போனாய். பிள்ளையைச் சேர்த்த அன்றைக்கு அழுதுகொண்டே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கிய என் வீட்டுக்காரியிடம், "அழாதம்மா, ஒன் வீட்டுக்காரன்தான் ஒடனே புரிஞ்சுக்கிட்டு என்னைய இழுத்துட்டு வந்தான்" என்றாய். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நானும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். அன்றிலிருந்து வீட்டில் அதுதான் கதை.

நேற்று பாப்பா பல்லை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற டீச்சரிடம் சொன்னாள்: "எங்கப்பாதான் டீச்சர், நேரத்துக்குக் கொண்டுபோயி என்னைக் காப்பாத்துனாரு."

நான் வாயை மூடிக்கொண்டேன். பல் இல்லாத வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். குழாயடியில் கழுவி, பல்லை மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து வீடு வரைக்கும் நடந்தேன். அப்போதும் சொல்லவில்லை:

'நான் வேண்டாம்னுதான் சொன்னேன், பாப்பா. தூக்கிட்டு ஓடுனது ஒன் மாமா.'