நாயைத் திட்டியதற்குக் கைதட்டல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? தீவில் காற்று அடங்கியதா? கிளாஸ்கோவில் நான் நலம்.

நேற்று ஒரு கவிதை வாசிப்பு. அதை நடத்துகிற கிரேம் வழக்கம்போலக் காதருகே வந்து, "உங்க தீவுல பேசுற கேலிக் மொழியில நாலு வரி போதும்மா, சும்மா சத்தத்துக்கு. அப்புறம் இங்கிலீஷ்ல முழுசா படிச்சிடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவிதையை மடித்து வைத்துவிட்டு, மீனைத் திருடிய நம் நாயை நீ திட்டியதை அப்படியே கேலிக்கில் சொன்னேன்: "திருட்டுக் கழுதை! பாதிரியார் சாப்பிட வர்ற நேரம் பார்த்தா திங்கணும்? வயிறா அது, கடலா?"

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தாள். "அடேயப்பா, உங்க மொழியில என்ன சோகம்!" என்றார் கிரேம்.

வேடிக்கைக்காகத்தான் எழுதுகிறேன், கவலைப்படாதே. ஆனால் கைதட்டல் ஓயும்வரை ஒவ்வொரு முகமாகத் தேடினேன் அம்மா, ஒருவராவது சிரிக்கமாட்டாரா என்று. என் கவிதைகளையும் இத்தனை வருஷம் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன். ஞாயிறு கர்த்தருடைய ஓய்வுநாள் என்று நீ போனைத் தொடமாட்டாய், திங்கட்கிழமை கூப்பிடு. நலம் விசாரிக்காதே. எதற்காவது என்னைத் திட்டு, நிறுத்தாமல் திட்டு.

உன் மகள்,
ஈஷ்பெல்